உங்கள் தொழில் மடிக்கணினியை அறிந்திருக்கிறீர்களா?



2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை. துலாவர்ஷ மழை வலியசாலைத் தெருக்களை நனைத்துக்கொண்டிருந்தது. இடியோடு மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது வீட்டு விளக்குகள் எரிந்தன. ஆனால் கடைக் கணக்கு முழுவதையும் தன்னுள் வைத்திருந்த மடிக்கணினி கண் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு இல்லை, காற்றாடியின் சத்தம் இல்லை. ஜிஎஸ்டி மாதக் கணக்கை 20ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்கவேண்டும். கையில் இருந்ததோ இரண்டு நாள்.

மறுநாள் காலையில் நகரிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் பொத்தானை இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயி" என்று மலையாளத்தில் சொன்னார். 14,000 ரூபாய் ஆகும், ஒரு வாரம் வேண்டும், உள்ளிருப்பவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். நான் பதில் சொல்லாமல் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அன்பானவர்களே, என்னைக் கலக்கியது அந்த 14,000 ரூபாய் அல்ல. ஏப்ரல் முதல் ஏழு மாதக் கணக்கு அந்த ஒரே இயந்திரத்தில்தான் இருந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்தும் காட்டாக்கடையிலிருந்தும் வந்து கடனுக்குச் சரக்கெடுக்கும் சிறு கடைக்காரர்களின் பாக்கி அதில் இருந்தது. அதைவிட முக்கியமானது ஒன்றும் இருந்தது. சபையின் கட்டட நிதிக் கணக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டுவேலை செய்து பிழைக்கும் ஒரு சகோதரி வாரந்தோறும் கொடுக்கும் 50 ரூபாயும் அந்தப் பட்டியலில் ஒரு வரி. அந்த வரி அழிந்துபோனால் நான் யாரிடத்தில் போய் என்ன சொல்லுவேன்?

அன்று மாலை ஜெபக்கூட்டம் முடிந்தபின்பு, மார்த்தாண்டத்துக்காரரான ஒரு சகோதரரிடம் இதைச் சொன்னேன். கணினிப் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை செய்தவர் அவர். இயந்திரத்தைத் தலைகீழாய்த் திருப்பி, "அண்ணாச்சி, இதுக்கு அடியில ஒரு ஊசித்துளை இருக்குது, பாத்தியளா?" என்று கேட்டார். சார்ஜரைக் கழற்றச் சொன்னார். காகிதம் கோக்கும் கம்பி ஒன்றை நிமிர்த்தி அந்தத் துளையில் விட்டுச் சற்றுநேரம் அழுத்தினார். ஒரு நிமிடம் பொறுத்து, சார்ஜரைச் செருகி, பொத்தானை அழுத்தினார். திரை வெளிச்சமானது. நான் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன். கூடவே வெட்கமும் அடைந்தேன். மூன்று வருஷம் என் மேசையின்மேல் இருந்த ஒரு பொருளின் அடிப்பக்கத்தை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு மந்தையும் எந்நிலையில் இருக்கிறது என்பதை அதற்கு உரியவன் தானே பார்த்துத் தெரிந்திருக்கவேண்டும் என்னும் கருத்தை நீதிமொழிகள் 27ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆடுமாடு இல்லாத நமக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிடவேண்டாம்.

திருவிதாங்கூர் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்தது சாலைக் கம்போளம். 1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரிப் பகுதியும் திருவனந்தபுரமும் ஒரே அரசாட்சியின்கீழ் இருந்தன. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் நம் முன்னோர் இங்கே வந்து கடை வைத்தது அயல்நாட்டுப் பயணம்போல் இருந்ததில்லை. அவர்கள் சிவப்பு அட்டை போட்ட பேரேட்டைக் கண்ணுக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். எலி கடிக்காமல், மழை படாமல், இரவில் வீட்டுக்கு எடுத்துச்சென்றார்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபின்பு அந்தப் பேரேடு மடிக்கணினிக்குள் போய்விட்டது. பழைய கவனம் மட்டும் அதனோடுகூடப் போகவில்லை.

அலுவலகத்துக்கென்று செய்யப்பட்டவை

மடிக்கணினிகளில் வீட்டு உபயோகத்துக்கு ஒரு வகையும், தொழிலுக்கென்று ஒரு வகையும் உண்டு. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஐபிஎம் நிறுவனம் 1992ஆம் ஆண்டு முதல் திங்க்பேடை வெளியிட்டது. ஜப்பானியர் மதிய உணவு எடுத்துச்செல்லும் கறுப்புப் பெட்டியைப் போன்ற உருவத்தை அதற்குக் கொடுத்தவர் ரிச்சர்ட் சாப்பர் என்னும் ஜெர்மானியர். 2005 முதல் அது லெனோவோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

இவ்வகைக் கணினிகள் பார்வைக்கு அழகாயிருப்பதில்லை. வேகத்திலும் வீட்டுக் கணினியைவிடப் பெரிய வித்தியாசம் இராது. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: இவை பழுதுபார்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. எந்தத் திருகை முதலில் கழற்றுவது, எதை எப்படித் தூக்குவது என்று படங்களோடு விளக்கும் பராமரிப்பு நூலை இந்நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. உங்கள் மாதிரியின் பெயரைக் கொடுத்து அதை இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். நான் முதலில் அதைத்தான் செய்தேன். ஊசித்துளையைப்பற்றி அதில் தெளிவாய் எழுதியிருந்தது!

பெரிய நிறுவனங்கள் இவற்றை மொத்தமாக எடுத்து மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குப்பின் விட்டுவிடுகின்றன. அவையே சென்னை ரிச்சி தெருவிலும், பெங்களூரு எஸ்.பி. சாலையிலும், மற்ற நகரங்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நம் சபைகளிலுள்ள அநேக வாலிபர்களும் சிறு வியாபாரிகளும் வைத்திருப்பது இந்தப் பழைய கணினிகளே. அதில் குறைவொன்றுமில்லை. ஆனால் பணத்தைக் கொடுக்குமுன் பார்க்கவேண்டியவை சில உண்டு.

பழையதை வாங்குமுன்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓடவேண்டுமானால், இன்டெல் செயலியாயிருப்பின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஐ5-8250 என்றிருந்தால் கோட்டுக்கு அடுத்துள்ள 8 என்னும் எண் தலைமுறையைக் குறிக்கிறது. ஐ5-6300 என்றிருந்தால் அது ஆறாம் தலைமுறை. மலிவு என்று பெருமையாய்க் காட்டப்படுவதில் பெரும்பகுதி இத்தகையதே.

அடுத்து, இயந்திரத்தின் மூல அமைப்பாகிய பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே பழைய உடைமையாளர் வைத்த கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். பழைய மேசைக்கணினியில் செய்வதுபோல உள்ளிருக்கும் சிறு மின்கலத்தைக் கழற்றினால் இவற்றில் அது நீங்காது. பின்பு, கடைக்காரரின் முன்னிலையிலேயே விண்டோஸைப் புதிதாய் நிறுவி இணையத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். முதல் திரையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் தோன்றி, அதன் ஊழியரின் கணக்கைக் கேட்குமானால், அந்தப் பொருளை அந்த நிறுவனம் இன்னும் தன் பதிவிலிருந்து விடுவிக்கவில்லை. அது மறதியாலும் இருக்கலாம், களவாலும் இருக்கலாம். களவாடப்பட்ட கணினி என்று அறிந்தும் நேர்மையின்றி வாங்கி வைத்திருப்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவில் மூன்றாண்டுவரை சிறைத்தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வரிசை எண் எழுதப்பட்ட ரசீது இல்லாமல் வாங்காதிருங்கள். "நம்ம ஆள்தான், ரசீது எதற்கு" என்று சபைக்குள்ளேயே விற்கிற சகோதரரிடமும் கேட்டு வாங்குங்கள். அதனால் அன்பு குறைந்துபோகாது.

மின்கலம் தேய்ந்திருக்கும் என்பதை எதிர்பார்த்தே விலை பேசவேண்டும். புதிதாயிருந்தபோது 50 வாட்-மணி பிடித்தது இப்போது 30 மட்டுமே பிடிக்கும் என்பதை லெனோவோ வான்டேஜ் போன்ற நிறுவனச் செயலிகளிலேயே பார்க்கலாம். கடை மேசையில் எப்போதும் சார்ஜரோடே இருக்கும் கணினியில், 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். தொழில் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்கிறது. விரலால் தேய்க்கும் பலகை மேலெழும்பினாலோ, கணினி மேசையில் சமமாய் உட்காராமல் ஆடினாலோ, மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். உடனே அணைத்து, சார்ஜரை நீக்கி, மாற்றக் கொடுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

கண் திறக்காத கணினி

மடிக்கணினிக்குள் எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறு சில்லு உண்டு. பொத்தான் அழுத்தப்பட்டதா, சார்ஜர் வந்ததா, சூடு எவ்வளவு என்று கவனித்துக்கொண்டிருப்பதே அதன் வேலை. மின்சாரம் திடீரென்று ஏறி இறங்கும்போது அந்தச் சில்லு சிலவேளை ஒரு நிலையில் சிக்கிக்கொள்ளும். அப்போது மதர்போர்டு நன்றாயிருந்தும் இயந்திரம் செத்ததுபோல் கிடக்கும். அதற்குப் போகும் மின்சாரத்தை முழுவதும் துண்டித்தால், அது முதலிலிருந்து தொடங்கும். கழற்றத்தக்க மின்கலமானால் சார்ஜரையும் மின்கலத்தையும் நீக்கி, பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடிக்கவேண்டும். உள்ளேயே பொருத்தப்பட்ட மின்கலமானால் பல மாதிரிகளில் அந்த ஊசித்துளை உண்டு. துளை இல்லாதவற்றில், சார்ஜரை நீக்கிவிட்டுப் பொத்தானையே அவ்வாறு நெடுநேரம் அழுத்தவேண்டும். 14,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ளுமுன் செய்யவேண்டிய முதல் காரியம் இது. எல்லாப் பழுதும் இதனால் நீங்கும் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே இடி தாக்கிய பலகை எந்தக் கம்பிக்கும் எழும்பாது.

அதற்கடுத்தபடி சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில நிறுவனங்களின் வட்டமுனைச் சார்ஜர்களில், நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். "நான் இந்த நிறுவனத்தின் சார்ஜர், இத்தனை வாட்" என்று கணினிக்குச் சொல்வது அதுவே. அது வளைந்தாலோ முறிந்தாலோ கணினி ஓடும், ஆனால் மின்கலம் ஏறாது. வேகமும் மிகவும் குறைந்துபோகும். இதை வைரஸ் என்று எண்ணிப் பணம் செலவழித்தவர்களை அறிவேன். டைப்-சி முனையுள்ள கணினிக்கு 65 வாட் தேவையாயிருக்கையில், கைபேசியின் 18 வாட் சார்ஜரைச் செருகிவிட்டுக் குறைகூறுவதும் உண்டு.

விளக்கு எரிந்தும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? பதறாமல் விளக்கு எத்தனை முறை, என்ன நிறத்தில் சிமிட்டுகிறது, எத்தனை முறை 'பீப்' ஒலிக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைக்குரிய பொருளைப் பராமரிப்பு நூலில் காணலாம். பலமுறையும் அது நினைவகத் தகடு தன் இடத்தில் சரியாய் உட்காராததையே குறிக்கும். மின்கலத் தொடர்பைத் துண்டித்து, தகட்டைக் கழற்றி, மறுபடியும் அழுத்திச் செருகினால் சரியாகிவிடும். கைப்பழக்கம் இல்லாதவர்கள், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி தானாகவே பழைய ஆண்டுக்குத் திரும்புகிறதா? உள்ளே இருக்கும் 3 வோல்ட் சிறு மின்கலம் தீர்ந்திருக்கலாம். தேதி தவறினால் வங்கித் தளமும் வரித் தளமும் திறக்க மறுக்கும். நம்மில் பலர் அப்போது இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இங்கே நமக்குரிய தனிப்பட்ட சத்துரு துலாவர்ஷ இடிமின்னல். பிற்பகலில் மேகம் கறுத்தவுடனே சார்ஜரைக் கழற்றவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இணையப் பெட்டியிலிருந்து வரும் லேன் கம்பியையும் கழற்றவேண்டும் என்பது அநேகருக்குத் தெரியாது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது மெய்தான். ஆனால் அந்தப் பெட்டி சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது, அதிலிருந்து கணினிக்கு வருவது செம்புக் கம்பி. இடி தலைக்குமேல் வந்தபின்பு கம்பியைத் தொடாதிருங்கள்; கணினி போனால் வேறு வாங்கலாம். கணினியின் உலோக உடலைத் தொடும்போது கையில் மெல்லிய கூச்சம் உண்டாகிறதா? மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக மாற்றிச் செருகியிருக்கிறீர்களா என்றும், வீட்டில் எர்த் சரியாயிருக்கிறதா என்றும் மின்பணியாளரைக்கொண்டு பாருங்கள்.

தூசியையும் சூட்டையும்பற்றி ஒரு வார்த்தை போதும்: மெத்தையின்மேல் வைத்து ஓட்டாதீர்கள், ஆண்டுக்கொருமுறை காற்றாடியைச் சுத்தம் செய்யுங்கள்.

"ஃபார்மட் செய்து தரட்டுமா?"

பழுதுபார்க்கும் கடையில் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு, யோசிக்காமல் "சரி" என்று சொன்னவர்கள் எத்தனைபேர்! ஃபார்மட் என்றால் துடைத்தல். உள்ளிருப்பது போய்விடும். திரும்ப எடுக்க முயலலாம்; எஸ்எஸ்டி என்னும் புதுவகைச் சேமிப்பகத்தில் அந்த முயற்சி பெரும்பாலும் பலிப்பதில்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. தொழில் கணினிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு சேமிப்பகத்தை முழுவதும் மறைமொழியாக்கி வைத்திருக்கும். சில கணினிகளில் நீங்கள் அறியாமலே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸைப் புதுப்பித்தாலோ ஒரு நீலத்திரை தோன்றி 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அந்த எண் இல்லையானால் தயாரித்த நிறுவனமும் அதைத் திறந்துதர முடியாது. இதழை வைத்துவிட்டு, அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியைத் தொடங்கியிருந்தால் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும். அதை அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணினிப் பையிலேயே வைத்துவிடாதிருங்கள்.

பிரதி எடுப்பதைப்பற்றிச் சொல்லவேண்டுமானால், 2019 மே மாதத்தில் பழவங்காடியில் ஒரு குடைக்கடை எரிந்த நாளை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கம்போளத்துக்கு எத்தனை அருகே! கணினியும் பிரதியும் ஒரே கடையில் இருந்தால் ஒரே நெருப்பு இரண்டையும் தின்னும். நான் இப்போது இரண்டு வெளிச் சேமிப்பகங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். சனிக்கிழமை கடையடைக்கும்போது இரண்டும் இடம் மாறும். கணக்கு மென்பொருளின் பிரதியை மூன்று மாதத்துக்கொருமுறை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்கிறேன். முதன்முறை திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. நான் வேறு கோப்புறையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்!

சபைப் பொறுப்பிலிருப்பவர்களுக்கு ஒரு விசேஷித்த வேண்டுகோள். காணிக்கைப் பட்டியலும் விசுவாசிகளின் ஜெபக் குறிப்புகளும் உங்கள் கணினியில் இருக்கலாம். குடும்பப் பிரச்சினை, நோய், கடன் என்று போதகரிடம் கண்ணீரோடு சொல்லப்பட்டவை அவை. அவற்றோடே இயந்திரத்தை ஒரு கடையில் விட்டுவிட்டு வரலாமா? பிரதி எடுத்தபின், சேமிப்பகத்தைக் கழற்றிக்கொண்டு மீதியைக் கொடுங்கள். தொழில் கணினிகள் பலவற்றில் அடிமூடியைத் திறந்தால் அது ஒரே திருகில் நிற்கிறது. சார்ஜர், திரை, விசைப்பலகைப் பழுதுகளுக்கு அது இல்லாமலே வேலை செய்யலாம்.

இலவசமாய் வந்த மென்பொருள்

சொல்ல மனதுக்குக் கடினமாயிருந்தாலும் சொல்லுகிறேன். நம் வீடுகளிலும், சில சபை அலுவலகங்களிலும்கூட, உரிமம் உடைக்கப்பட்ட விண்டோஸும் கணக்கு மென்பொருளும் ஓடுகின்றன. எடைக்கல்லில் பத்து கிராம் குறைக்க அஞ்சுகிற விசுவாசி, இதைக் களவென்று எண்ணுவதில்லை. உரிமத்தை உடைத்தவன் இலவசமாய் நமக்கு ஊழியம் செய்யவில்லை. பலமுறை அவன் உள்ளே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறான். அப்படிப்பட்ட கணினிகளில் திருத்தங்களையும் நிறுத்திவைப்பது வழக்கம்.

2017 மே மாதம் வன்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவியபோது, வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் பூட்டப்பட்டன. திறக்க 300 டாலரைப் பிட்காயினில் கேட்டது திரை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. பணம் கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு உபுண்டுவும் லிப்ரே ஆஃபிஸும் இருக்கின்றன. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாய்க் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையே கற்றுக்கொடுப்பான்.

"உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை அலறினால் அழைக்காதிருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதியாமல் 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

எங்கள் சபையில் இப்போது மாதத்தின் மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், அந்த மார்த்தாண்டத்துச் சகோதரர் ஒரு மேசை போட்டு உட்காருகிறார். தையல் கடைக்காரர், கல்லூரி மாணவர், சரக்குந்து நடத்துகிறவர் என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூலி வாங்குவதில்லை. ஒவ்வொருவரிடமும் அவர் முதலாவது கேட்பது, "பேக்கப் எடுத்தாச்சா?" என்பதே. இல்லை என்று சொன்னால், பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வெளியே எடுக்கமாட்டார்.